நூற்று இருபத்தோராவது தலை

என் அக்கா வீட்டுக்காரர் போர்ப் படம் பார்க்கும்போது துப்பாக்கியைப் பார்க்க மாட்டார், டாங்கியைப் பார்க்க மாட்டார், கதாநாயகியைக்கூடப் பார்க்க மாட்டார். பிடரியைத்தான் பார்ப்பார். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் முடி வெட்டியவர். குண்டு பாய்ந்து மண்ணில் உருளும் வீரனுக்காகத் தியேட்டரே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது, "இவன் முடி வெட்டி நாலு மாசம் ஆச்சு. இவனை எப்படி வரிசையில நிக்க விட்டாங்க?" என்பார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதாகத்தான் அவர் நினைப்பு. ஆனால் அது கூடாரத்துக்கு வெளியே நிற்கும் வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி 'அடுத்து' என்று கூப்பிட்டுப் பழகிய குரல். பால்கனியில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிடரி முடிந்தால் கிருதா. கிருதா முடிந்தால் தாடி. பதுங்குகுழியில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தவன் முகம் மட்டும் எப்படி மழமழவென்று இருக்கிறது என்று ஒரு தடவை எழுந்து நின்றே கேட்டார். பின்வரிசையில் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவரும் விடவில்லை.

அக்கா நேர் எதிர். வாரத்தில் ஆறு நாள் மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் போட்டு ஒட்டுகிறாள். ஏழாவது நாள் மதியக் காட்சிக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தால்தான் அவளுக்கு அடுத்த வாரம் ஓடும். காதல் படத்தில் அழுகை வருமா வராதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. போர்ப் படத்தில் அந்தச் சந்தேகமே இல்லை, யாராவது சாவார்கள். எந்த வருஷத்துப் போர், யார் ஜெயித்தது, தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "நான் அழ வந்தேன், பரீட்சை எழுத வரல" என்பாள்.

இந்த இருவருக்கும் நடுவில் உட்கார்வது என் வேலை. என்னைச் சுவராக வைத்துத்தான் இவர்கள் பல வருஷம் படம் பார்த்தார்கள். வலது காதில் முனகல், இடது காதில் விசும்பல். நான் சினிமா கம்பெனியில் உடுப்பு ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவன். எங்கள் ரத்தம் சர்க்கரைப் பாகும் சாயமும், எங்கள் இரும்புத் தொப்பி ஃபைபர். அத்தான் ஒரு தடவை அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கொசு மோதினாலே ஓட்டை விழும் என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பொய்யில் சம்பளம் வாங்குகிறவனுக்கு ரோஷம் கூடாது, வாங்கி அடுக்கி வைத்துவிட்டேன்.

ஒருநாள் சுவர் இடிந்தது. இறந்துபோன வீரனின் தொப்பியையும் உடுப்பையும் கொண்டுவந்து அவன் மனைவியிடம் கொடுக்கிற காட்சி. அக்கா கைக்குட்டையை விரித்துத் தயாராக வைத்திருந்தாள். கதாநாயகி தொப்பியை நெஞ்சோடு அணைத்ததும் அத்தான் சொன்னார், "அந்தத் தொப்பி அவன் தலைக்கு ரெண்டு அளவு பெருசு." பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அக்கா கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்தாள். வெளியே போய்விட்டாள். அதன் பிறகு நாலு வருஷம், ஒரே ஒரு தடவை தவிர, அவள் தனியாகத்தான் படத்துக்குப் போனாள்.

தனியாக என்றால், அத்தான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் தியேட்டர் வாசலில் இறக்கிவிடுவார். எதிரே டீக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். படம் விட்டதும் ஏற்றிக்கொண்டு வருவார். எப்படி இருந்தது என்று அவர் கேட்க மாட்டார், அவளும் சொல்ல மாட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பேசாமல் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார வேண்டியதுதானே என்று ஒருநாள் அந்த டீக்கடையிலேயே அவரைப் பிடித்துக் கேட்டேன். முயற்சி செய்தாராம், முடியவில்லையாம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஸ்கூட்டர்ல அவ எனக்குப் பின்னாடி. சாப்பிடும்போது எதிர்ல. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்றது தியேட்டர்ல மட்டும்தான். அதுவும் போச்சு."

பக்கத்தில் எங்கே உட்கார்ந்தீர்கள், நடுவில் நானல்லவா இருந்தேன் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. முழுக்கச் சரியாக எடுத்த ஒரு போர்ப் படம் கிடைத்தால் தான் வாயே திறக்க வேண்டியிருக்காது அல்லவா? தேடித் தேடி ஒன்றைப் பிடித்தார். அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனார், நான் நடுவில். தியேட்டரில் எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். படத்தில் ஐந்து வீரர்கள் ஒரு குழிக்குள் நாலு நாள் காத்திருந்தார்கள். மழை பெய்தது. ஒருவன் பூட்ஸைக் கழற்றிக் காலைப் பார்த்தான், மறுபடியும் போட்டுக்கொண்டான். பிடரி, கிருதா, தாடி எல்லாம் அச்சு அசல். பாதிப் படத்தில் அக்கா தூங்கிவிட்டாள். நான் வலது பக்கம் திரும்பினால் அத்தான் வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விளக்குப் போட்டதும் எழுந்து, "படம் ரொம்பச் சரியா இருந்துச்சு" என்று கொட்டாவி விட்டார். தூங்குவதற்கு வீட்டிலேயே கட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அக்கா முன்னால் நடந்தாள்.

அப்போதுதான் எங்கள் கம்பெனி போர்ப் படம் ஆரம்பித்தது. கதாநாயகன் யார் என்றால் சுருளார். நெற்றியில் ஒற்றைச் சுருளாக முடி விழும், அது விழும்போதெல்லாம் விசில் பறக்கும். அக்காவுக்கு அந்தச் சுருள் என்றால் உயிர். அத்தானின் முடிவெட்டுக் கடைக்கு இளவட்டங்கள் வந்து அதே மாதிரி வைக்கச் சொல்லிக் கேட்டால், வேறு கடைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுவார். இந்த முறை எங்கள் டைரக்டருக்குப் புதுப் பித்து, படம் உண்மைக்கு மிக அருகில் இருக்க வேண்டுமாம். பட்டாளமாக நடிக்க வந்த நூற்று இருபது பேருக்கும் அசல் பட்டாள வெட்டு வேண்டும் என்றார். நான் அத்தான் பெயரைச் சொன்னேன். சொன்ன வாயை இன்றும் நொந்துகொள்கிறேன்.

அத்தான் கடையைப் பூட்டிவிட்டுப் பழைய இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கினார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. சரியாகவும் இருக்கும், சுருளும் இருக்கும், இனி உன் அக்கா எப்படி வரமாட்டேன் என்கிறாள் பார்ப்போம் என்று என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

ஷூட்டிங் நடந்த மைதானத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார். தலைக்கு நாலு நிமிஷம். பின்னால் மெஷின், மேலே ரெண்டு விரல் அளவு, பிடரியில் ஒரு தட்டு, 'அடுத்து'. மூன்று மணிக்கு நூற்று இருபதாவது தலை முடிந்தது. முகம் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார்.

அந்த நேரம் பார்த்துச் சுருளாரின் வண்டியில் ஏசி கெட்டுப்போனது. விடியும் முன்பிருந்து நடித்துக் களைத்த மனுஷன், மின்விசிறியைப் பார்த்ததும் கொட்டகைக்குள் வந்தார். உடுப்போடு அந்த நாற்காலியில் சாய்ந்தார். ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார். அவர் தலையில் நாள் முழுக்க யாராவது சீப்பு வைத்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் தலையில் கை பட்டால் அவருக்கு இன்னும் நன்றாகத் தூக்கம் வரும்.

நான் வேனில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பிடரியில் தட்டுகிற சத்தமும் 'அடுத்து' என்ற குரலும் கேட்டன. நூற்று இருபதுதானே, இன்னும் யார் அடுத்து என்று எட்டிப் பார்த்தேன். சுருளார் எழுந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த சுருளை இரண்டு விரலால் எடுத்துப் பிடித்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார், "இது யாரோடது?"

இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு ஓடினேன். டைரக்டர் வந்தார், பார்த்தார், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். படம் முக்கால்வாசி முடிந்திருந்தால் பரவாயில்லை, பாதிதான் முடிந்திருந்தது. அம்மா சாகிற காட்சி, மழைப் பாட்டு, கடைசிச் சண்டை எல்லாம் பாக்கி. விக் வைத்துப் பார்த்தார்கள். பசை ஒத்துக்கொள்ளாமல் சுருளாருக்கு நெற்றி பன் மாதிரி வீங்கியது. முடி வளரும்வரை காத்திருக்கலாம் என்றால் கதாநாயகி அடுத்த வாரம் வேறு படத்துக்குப் போகிறாள்.

நான் அத்தானை வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். நிஜமாகவே கத்தினேன். உலகமே கும்பிடுகிற மூஞ்சி உங்களுக்கு மட்டும் தெரியாதா, வேண்டுமென்றே செய்தீர்களா என்று கேட்டேன். அவர் கையில் இன்னும் சீப்பு இருந்தது.

"மூஞ்சியில துண்டு இருந்துச்சு. இல்லாட்டியும் பார்த்திருக்க மாட்டேன்" என்றார். "எல்லையில சண்டைக்கு முந்தின நாள் எல்லாரும் வரிசையா வந்து உட்காருவாங்க. சின்னப் பசங்க. மூஞ்சியப் பார்த்தா கை நடுங்கும். பார்க்கிறதை விட்டுட்டேன். உடுப்பு, தலை, அவ்வளவுதான். இங்கயும் உடுப்பு சரியா இருந்துச்சு. தலைதான் தப்பா இருந்துச்சு."

பட்டாளத்துக் கதை என்றால் அளவும் சட்டமும் மட்டுமே பேசுகிற மனுஷர். இத்தனை வருஷமாக அவரை வெறும் நச்சரிப்புக்காரர் என்று நினைத்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வேலை போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நேரே ஸ்டோருக்குப் போய் ஒரு இரும்புத் தொப்பியை எடுத்து வந்து டைரக்டர் கையில் கொடுத்தேன்.

வசனகர்த்தா ஒரு டீ குடிக்கிற நேரத்தில் காரணம் எழுதிவிட்டார். இறந்துபோன நண்பனுக்குச் செய்த சத்தியமாம், போர் முடியும்வரை தொப்பியைக் கழற்ற மாட்டானாம். அதன் பிறகு சுருளார் தொப்பியோடு சாப்பிட்டார், தொப்பியோடு தூங்கினார். மழைப் பாட்டில் கதாநாயகி அவர் தோளில் சாயப் போகும்போதெல்லாம் தொப்பி விளிம்பு நெற்றியில் இடித்து, நாலு டேக் வீணானது. நடந்தது வெளியே தெரியக்கூடாது என்று யூனிட் முழுக்கச் சத்தியம் வாங்கினார்கள். அத்தானுக்குச் சத்தியமே தேவைப்படவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் டீக்கடைப் பெஞ்சுதான் கதி என்று அவருக்கே தெரியும்.

படம் வெளியான வாரம் அக்காவே கூப்பிட்டாள். "உங்க கை பட்ட படமாச்சே, வாங்க." நாலு வருஷத்தில் கேட்காத வார்த்தை. அத்தான் சந்தோஷப்பட வேண்டியவர், கோர்ட்டுக்குப் போகிறவர் மாதிரி வந்து உட்கார்ந்தார். நான் நடுவில். இடைவேளை வரை சுருள் விழுந்தது, விசில் பறந்தது. நூற்று இருபது பிடரிகளும் வரிசையாகத் திரும்பியபோது அத்தான் என் கையைப் பிடித்து நசுக்கினாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு தொப்பி வந்தது. ஜனங்கள் சிரித்து ஊளையிடப் போகிறார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சத்திய வசனத்துக்குக் கைதட்டினார்கள். மழைப் பாட்டில் தொப்பி மேல் டங் டங் என்று மழை விழுந்ததும் எனக்கு முன்னால் இருந்த பெரியவர் மூக்கைத் துடைத்தார். சாதாரணமாக ஒரு குண்டூசி தப்பாக இருந்தாலும் குத்திக்காட்டுகிற கூட்டம்தான் இது. அழுகிற மனசோடு வந்துவிட்டால் ஃபைபர் தொப்பியும் இரும்பாகிவிடும்போல.

அப்போது அக்கா, என் மடிக்குக் குறுக்கே சாய்ந்து, கண் கலங்கி அத்தானிடம் கேட்டாள்:

"நிஜமாவே பட்டாளத்துல இப்படிச் சத்தியம் பண்ணுவாங்களா?"

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் சந்தேகம். இல்லை என்று சொல்வதற்காகவே பிறந்தவர் மாதிரி இருந்தவர், "பண்ணுவாங்க" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்ப் பழக்கம் இல்லாதவருக்கு அளவு தெரியுமா? "நிறைய பேர். தொப்பியக் கழட்டாமலே நான் முடி வெட்டியிருக்கேன்" என்றார். அக்கா அதையும் நம்பி ஒரு பெருமூச்சு விட்டாள். எனக்குத்தான் இருமல் வந்தது.

அடுத்தது அம்மா சாகிற காட்சி. சுருளார் அம்மாவின் நெஞ்சில் முகம் புதைத்துக் குலுங்கினார். கேமரா அவருக்குப் பின்னால் போனது. தொப்பி முன்பக்கம் சரிந்தது. திரை முழுக்க அவர் பிடரி. தியேட்டரே தேம்பியது. அக்காவின் தேம்பல் மட்டும் பட்டென்று நின்றது.

அத்தான் வெட்டிய பிடரியில் கோடு ஸ்கேல் வைத்தது போல இருக்கும், வலது காதுப் பக்கம் மட்டும் ஒரு நெல் அளவு இறங்கும். அவர் கை வாகு அப்படி. அக்கா திரையைப் பார்த்தாள். சட்டென்று என் தலையைப் பிடித்து அமுக்கி, திரை வெளிச்சத்தில் அவர் வெட்டிய என் பிடரியைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள். பிறகு என் தலைக்கு மேலாக அத்தானைப் பார்த்தாள். அவர் சீட்டில் பாதியாகச் சரிந்திருந்தார்.

"என்னங்க, அந்தச் சுருளு எங்க?"

"கூட்டிக் குப்பையில போட்டுட்டேன்" என்றார் அத்தான். இனிமேல் பொய் சொல்ல அவரிடம் தெம்பு இல்லை.

அக்கா சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு முழு உடம்பால். கைக்குட்டையை வாயில் அடைத்துப் பார்த்தாள், அடங்கவில்லை. திரையில் அம்மா கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். முன்வரிசைப் பெரியவர் திரும்பி, ஈவு இரக்கம் இல்லையா என்று கேட்டார். டார்ச் லைட்டோடு ஆள் வந்தான். எங்கள் குடும்பத்தில் அத்தான் அல்லாத ஒருவர் தியேட்டரில் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அவள் சிரிப்பதைப் பார்த்து அத்தானும் சிரிக்க ஆரம்பித்தார். படம் முடியும் முன்பே மூன்று பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வாசல் வெயிலில் கண் கூசியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய ஆளின் மூஞ்சியைக்கூடவா பார்க்கவில்லை என்று கேட்டாள். வேனுக்குப் பின்னால் என்னிடம் சொன்னதை அத்தான் அவளிடமும் சொன்னார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இதை அவளிடம் அவர் சொன்னதே இல்லை. அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

"அந்தப் பசங்க திரும்பி வந்தாங்களா?"

"நிறைய பேர் வந்தாங்க. வந்தவங்களுக்கு மறுபடியும் வெட்டினேன்."

"அப்ப மூஞ்சியப் பார்த்தீங்களா?"

"ஒவ்வொருத்தனையும் பார்த்தேன்."

அக்கா, தெருவில் பஸ் ஒன்று போய், அதன் தூசி அடங்கும்வரை நின்றாள். பிறகு தியேட்டர் சுவரில் ஒட்டியிருந்த அடுத்த வாரப் போஸ்டரை அண்ணாந்து பார்த்தாள். கடல், புகை, பீரங்கியோடு ஒரு கப்பல்.

"உங்களுக்குக் கப்பல் பத்தி ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது. கப்பலை நேர்ல பார்த்ததுகூட இல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வாரத்துக்கு ரெண்டு டிக்கெட் போதும்டா."